ஒரே ஒரு நட்சத்திரம்

— ருக்கு, ஒரு குச்சி குடு.

— என்ன குச்சி? பல்லு குத்தவா?

— தீக்குச்சி, புள்ள. சாம்பிராணி போட வச்சிருக்கியே, அந்தப் பெட்டியிலேருந்து ஒண்ணே ஒண்ணு.

— வீடு முழுக்கத் தீப்பெட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க. குச்சிக்கு என்கிட்ட வந்து நிக்கிறீங்க.

— அதெல்லாம் உரசுறதுக்கா சேத்து வச்சிருக்கேன்? கிளி நங்கூரம் படம் போட்ட அந்தப் பழைய பெட்டி இன்னைக்குக் கை மாறுது. காலிப் பெட்டியக் குடுக்கக் கூடாது, பெரிய மனுஷி. அங்கமுத்து, நான், எங்க ஞாயித்துக்கெழம செட்டு எல்லாத்துக்கும் அது ஒரு சட்டம். உள்ள ஒரு குச்சியாவது இருக்கணும்.

— இந்தாங்க மச்சான், குச்சி. யாருக்குப் போகுது உங்க கிளி?

— ஒரு புதுப் பையன். அவன் தாத்தா செம்பவாங் டாக்யார்டுல வேலை பாத்தாராம். இதே பெட்டியத்தான் சட்டப் பையில வச்சிருப்பாராம். விலையப் பாதிக்கு மேல கொறச்சிட்டேன்.

— தாத்தான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் உங்களுக்கு.

— போன்ல அந்த வாங்கி விக்கிற ஆப்புல எழுதியிருக்கான் பாரு. "அங்கிள், நான் நீலச் சட்டை போட்டிருப்பேன்." எவ்வளவு மரியாத. வந்துகிட்டிருக்கேன்னு நானும் போட்டுட்டேன்.

— லிட்டில் இந்தியாவுக்குத்தானே போறீங்க? தேக்கா மார்க்கெட்ல ரெண்டு கட்டு மல்லித்தழ வாங்கிட்டு வாங்க. கறி ஆனத்துல போட வீட்டுல ஒரு தழ இல்ல.

— நான் டிரெயின் கேட்டுக்கு வெளியவே வர மாட்டேன். அவன் வெளிய நிப்பான், நான் உள்ள நிப்பேன். கைய நீட்டிக் குடுத்துட்டு, அடுத்த வண்டியப் பிடிச்சு சைனாடவுன் பள்ளிவாசல்ல அஸர் தொழுதுட்டு வந்துருவேன். வெளிய வந்து திரும்ப உள்ள போனா ரெண்டு டிரெயின் காசு.

— பொருளப் பாதி விலைக்குக் குடுப்பீங்க. மல்லித்தழக்குக் காசு பாப்பீங்க.

— அதுக்குப் பேருதான் வியாபாரம். வரேன், கதவச் சாத்திக்க.

*

— ஆன்ட்டி, நீங்கதானே முனீரா? நான் நிதீஷ். நீலப் பைன்னு சொன்னீங்கல்ல, டக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்.

— முனீரா என் மக. அவ பேர்ல எழுதுனது நான்.

— ஓகே, நோ ப்ராப்ளம். நீங்க கேட்டுக்கு உள்ளயே நில்லுங்க, வெளிய வர வேணாம். எல்லாரும் இப்படித்தான் டீல் பண்றது. டிரெயின் காசு மிச்சம் லா. ஆனா அந்தத் தூண்கிட்ட வேணாமே. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, இந்தக் கடைசி கேட் அகலமா இருக்கும்.

— இங்கயே நிக்கிறேன். எனக்குச் சாஞ்சுக்க ஏதாவது வேணும்.

— சரி. உங்க இஷ்டம். இந்தாங்க, நீங்க கேட்ட மூணு மான் லேபிள். உறையோட பாருங்க ஆன்ட்டி, விரல் படக் கூடாது. மின்ட் கண்டிஷன், புத்தம் புதுசு மாதிரி. இந்த மாதிரி தீப்பெட்டி லேபிள் இப்ப மார்க்கெட்ல கெடைக்கவே கெடைக்காது.

— கெடைக்கும். அங்கமுத்து அண்ணன்கிட்ட கெடைக்கும். நீங்க அவர்கிட்ட வாங்குனதுதானே இது?

— யாரு?

— தேக்காவுக்குப் பின்னால கோப்பிக்கடையில ஞாயித்துக்கெழம உக்காருவாரே, பெரிய மீச. ஒரு கோப்பிக் காசுக்குக் குடுத்தாராம் இத. ஆப்புல உங்க கடையில போட்டிருக்குற விலையப் பாத்தேன். அந்தக் காசுக்கு அந்தக் கடையில இருக்குற அத்தன பேருக்கும் கோப்பி ஊத்தலாம்.

— ஆன்ட்டி, பேசிக்கலி, அதுதான் மார்க்கெட் ரேட். உலகத்துல கடைசியா எவன் என்ன விலைக்கு வாங்கினானோ அதுதான் விலை. நான் போட்டோ எடுக்கணும், பேக் பண்ணணும், வாங்குறவன்கிட்ட மல்லுக்கட்டணும். அந்த அங்கிளுக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா?

— தெரியாது. ஆனா உங்க தாத்தாவ அவருக்கு நல்லாத் தெரியும். ஹார்பர்ல மூட்ட தூக்குனவராம்.

— அது வந்து—

— எங்ககிட்ட செம்பவாங் டாக்யார்டுன்னு சொன்னீங்க. இன்னொருத்தர்கிட்ட ரயில்வேயில கொடி காட்டியிருக்காரு. உங்க தாத்தாவுக்கு எத்தன வேலை தம்பி? பாவம், ஓய்வே இல்ல போல அந்த மனுஷனுக்கு.

— ஆன்ட்டி, நீங்க வாங்க வந்தீங்களா, இன்டர்வியூ எடுக்க வந்தீங்களா?

— அங்கமுத்து அண்ணன் பொஞ்சாதி அன்னம்மா வீட்டுக்கு வந்து போன்ல காட்டுனாங்க. உங்க கடையில அந்த மானப் பாத்துட்டு அண்ணன் ரெண்டு வாரம் கோப்பிக்கடைக்கே வரலியாம். கொறச்சுக் குடுத்துட்டோமேன்னு இல்ல. பேரப் புள்ளைன்னு நம்பிக் குடுத்தோமேன்னு.

— சரி, நான் பொய் சொன்னேன். எனக்குத் தாத்தா மூஞ்சியே தெரியாது. போதுமா? பெருசுங்ககிட்ட "கம்மி பண்ணுங்க அங்கிள்"னு கேட்டா பண்ண மாட்டாங்க. தாத்தான்னா பண்ணுவாங்க. எல்லா ரீசெல்லரும் செய்றதுதான். பின்னாடி ஸ்ட்ரோலர் வருது, வழி விடுங்க ஆன்ட்டி.

— விட்டாச்சு. நீங்க ஒதுங்காதீங்க.

— நான் எங்க ஒதுங்கினேன்? காசு போன்ல அனுப்புறீங்களா, கையில குடுக்குறீங்களா? அதச் சொல்லுங்க முதல்ல.

— நான் வாங்க வரல. குடுக்க வந்தேன். இத உங்களுக்குத் தெரியுதா?

— கிளி... கிளி நங்கூரம். இது எப்படி உங்ககிட்ட?

— அப்துல் கையூம் என் வீட்டுக்காரங்க. நீங்க ஒரு நட்சத்திரம் போட்டீங்களே, அவங்க.

— ஓ. அந்த அங்கிளா.

— அந்த அங்கிள்தான்.

— ஆன்ட்டி, லுக், நோ ஷோன்னா நோ ஷோதான். வரேன்னு சொல்லிட்டு வரலன்னா எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. எனக்கே போட்டிருக்காங்க. பர்சனலா எடுத்துக்கக் கூடாது.

— எனக்கு மனப்பாடம். தப்பிருந்தாத் திருத்துங்க. "ஆளு வரவே இல்ல. மெசேஜுக்குப் பதில் இல்ல. என் நேரத்த வீணாக்குன கெழவன். இவர நம்பாதீங்க."

— கெழவன்னு போட்டிருக்க வேணாம். அது என் தப்பு. சாரி.

— அது ஒண்ணுதான் அதுல உண்மை. அறுபது தாண்டியாச்சு அவங்களுக்கு. தம்பி, அவங்க வந்துகிட்டுத்தான் இருந்தாங்க. இந்த ஸ்டேஷன்லயே விழுந்துட்டாங்க. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மவுத்து. எந்த எடத்துல விழுந்தாங்கன்னுகூட எனக்கு யாரும் சொல்லல. சாயங்காலம் மய்யித்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன், அவங்க போன் என் மடியில. டிங்குன்னு சத்தம். யாரோ ஆறுதல் சொல்றாங்கன்னு எடுத்துப் பாத்தேன். உங்க நட்சத்திரம்.

— ஐயோ. ஆன்ட்டி, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— தெரியாதுன்னுதான் நானும் நெனச்சேன். அதனாலதான் இவ்வளவு நாளாப் பொறுத்திருந்தேன். எங்கள்ல புருஷன் மவுத்தானா பொஞ்சாதி இத்தா இருக்கணும். நாலு மாசத்துக்கு மேல வீட்ட விட்டு வரக் கூடாது. இத்தா முடிஞ்சு நான் மொத மொத வெளிய வந்திருக்குற எடம் இந்த கேட்தான்.

— ஒரு மெசேஜ் போட்டிருந்தாப் போதுமே ஆன்ட்டி.

— ஆப் கம்பெனிக்குப் போட்டா என் மக. எங்க வாப்பா மவுத்தாயிட்டாங்க, அதனாலதான் வரல, இத எடுத்துடுங்கன்னு. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்"னு பதில் வந்துச்சு. அதுக்குக் கீழ, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" முனீரா அந்தப் போனத் தூக்கி சோபா மேல எறிஞ்சா. நான் எடுத்து வச்சேன். வாப்பாவோட போனாச்சே.

— அது பாட் லா ஆன்ட்டி. ஆளு இல்ல. மெஷின்.

— மெஷின் பரவால்ல. மனுஷங்களக் கேளுங்க. அந்தப் போன் ஒரு நாளும் வாய மூடல. "இன்னும் இருக்கா?" "கடைசி விலை என்ன?" "பாதிக்குத் தருவீங்களா?" ஒருத்தனுக்கு என் மக விவரம் எழுதுனா. என்ன பதில் போட்டான் தெரியுமா? "ரொம்ப வருத்தமா இருக்கு. அப்ப மொத்தமா எடுத்தா என்ன விலை?" ஒரே மூச்சுல தம்பி. வருத்தத்துக்கும் விலைக்கும் நடுவுல ஒரு புள்ளி. அவ்வளவுதான் எடம் விட்டிருக்கான்.

— எல்லாரும் அப்படி இல்ல ஆன்ட்டி.

— இல்லதான். அதையும் சொல்லணும்ல. அவங்களுக்கு இந்த ஆப்புன்னா ரொம்பப் பிடிக்கும். சோத்துல கை வச்சுகிட்டே படிச்சுக் காட்டுவாங்க. "நல்ல மனுஷர். சொன்ன நேரத்துக்கு வந்தார். அஞ்சு நட்சத்திரம்." பள்ளிக்கூடத்துல கூட யாரும் அவங்களுக்கு அவ்வளவு மார்க் போட்டதில்ல. ஒருத்தன் புது லேபிள டீத்தண்ணியில ஊற வச்சுப் பழசுன்னு சொல்லித் தலையில கட்டுனான். மோந்து பாத்துட்டுச் சிரிக்கிறாங்க. அவனுக்கும் அஞ்சு போட்டாங்க. "பாவம், டீ செலவு பண்ணியிருக்கான்"னு.

— அங்கிள் நிஜமாவே அப்படியா?

— அப்படித்தான். ஆனா ஞாயித்துக்கெழம கோப்பிக்கடையிலேருந்து வரும்போது மட்டும் மொகம் ஒரு மாதிரி இருக்கும். முன்னாடி ஒரு பெட்டிய மேசையில வச்சா "எங்க கெடச்சுது?"ன்னு கேப்பாங்களாம். இப்ப "என்ன விலைக்குப் போகும்?"னு கேக்குறாங்களாம். கேட்டுட்டு மேசைக்கு அடியில போன வச்சுப் பாக்குறாங்களாம். "ருக்கு, சீட்டாட்டம் மாதிரி ஆயிடுச்சு, ஒருத்தர் கைய ஒருத்தர் மறைக்கிறோம்"பாங்க.

— ஆன்ட்டி, நிஜமாவே சாரி. எனக்கு வேலைக்கு டைம் ஆச்சு. நான் போகட்டுமா?

— இருங்க. நான் வந்த வேலை முடியல. அடக்கத்துக்கு முன்னாடி எங்க பள்ளியில ஒண்ணு கேப்போம். மவுத்தானவங்களோட புள்ள எந்திரிச்சு நிக்கணும். எங்க ஆரிஃப் நின்னான். "எங்க வாப்பாவால யாருக்காவது மனக்குறை இருந்தா, குடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லுங்க. நான் தீத்து வைக்கிறேன். இல்லன்னா எங்க வாப்பாவ மன்னிச்சு மாப்புக் குடுங்க." பள்ளி நெறைய ஜனம். ஒருத்தரும் வாயத் தொறக்கலியாம். மாப்புக் குடுத்தோம்னு எல்லாரும் சேந்து சொன்னாங்களாம். வந்து சொல்லி அழுவுறான் என் புள்ள. நான் என்ன சொல்ல? உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவங்க மேல குறை. அந்த ஆளு பள்ளியில இல்ல. போனுக்குள்ள இருக்காரு.

— நானா?

— வேற யாரு? அந்தக் குறையையும் சேத்துத்தான் அவங்களக் கபுர்ல வச்சிருக்கோம். எனக்குக் கோவம் மண்டை வரைக்கும் இருக்கு. பொங்கோல்லேருந்து வர்ற வழியெல்லாம் உங்களத் திட்டிகிட்டேதான் வந்தேன். ஆனா வந்தது திட்டுறதுக்கு இல்ல. மாப்புக் கேக்க வந்தேன். பேசுன பொருள் இது. வாங்கிக்கங்க. காசு வேணாம். "மாப்புக் குடுத்தேன்"னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.

— வேணாம் ஆன்ட்டி. அத நான் வாங்க மாட்டேன்.

— ஏன், விலை எறங்கிடுச்சா?

— அதுக்கில்ல. நீங்களே வச்சுக்கங்க. ப்ளீஸ்.

— சேதம் ஏதும் இருக்கும்னு பாக்குறீங்களா? ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. தொப்பி, கண்ணாடி, கார்டு, போன், இந்தப் பெட்டி. பெட்டி மூல கூட நசுங்கல. எதுக்கும் ஒரு கீறல் இல்ல.

— போனுக்குமா? கிளாஸ் உடைஞ்சிருக்குமே, அப்படி வந்து இடிச்சுது.

— எங்க வந்து இடிச்சுது?

— இல்ல, சும்மா சொன்னேன். விழுந்தா போன் உடையும்ல, ஜெனரலா.

— விழுந்துச்சுன்னு நீங்க சொல்லல. வந்து இடிச்சுதுன்னு சொன்னீங்க.

— ஆன்ட்டி, எனக்கு லேட்டாகுது.

— வந்த ஒடனே தூண்கிட்ட நிக்காதீங்கன்னு சொன்னீங்க. இந்தத் தூண்ல என்ன இருக்கு? நிதீஷ், கீழ பாக்காத. மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இந்தத் தூண்ல என்ன?

— அவரு அதுல சாஞ்சுதான் உக்காந்தாரு.

— சொல்லு.

— நான் இதே எடத்துலதான் நின்னேன். எஸ்கலேட்டர்ல ஒரு அங்கிள் ஏறி வந்தாரு. நடை ஒரு மாதிரி இருந்துச்சு. என் சட்டையப் பாத்தாரு. பாத்து, கையத் தூக்கிக் காட்டினாரு. அப்புறம் தூணப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்துட்டாரு. போன் கையிலேருந்து நழுவி, தரையில சறுக்கிக்கிட்டே வந்து இந்த கேட் அடியில இடிச்சு நின்னுச்சு.

— நீ என்ன பண்ணுன?

— "அங்கிள், எங்க இருக்கீங்க?"ன்னு மெசேஜ் அனுப்பினேன்.

— அவங்களப் பாத்துகிட்டேவா?

— பாத்துகிட்டேதான். எனக்கே தெரியல ஆன்ட்டி, ஏன் அப்படிச் செஞ்சேன்னு. அந்தப் போன் என் காலுக்கு முன்னாடி மின்னுச்சு. அதுல என் பேரு. இன்னொரு தடவ அனுப்பினேன். மறுபடியும் மின்னுச்சு.

— கையில டிரெயின் கார்டு இல்லியா உனக்கு?

— இருந்துச்சு.

— தட்டுனா இந்த கேட் தொறக்காதா?

— தொறக்கும்.

— ஒரு தட்டு. ஒரு டிரெயின் காசு. அவ்வளவுதானே உனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருந்துச்சு?

— காசுக்காக இல்ல ஆன்ட்டி. பயந்துட்டேன். அதுக்குள்ள ஸ்டேஷன் ஸ்டாஃப் ரெண்டு பேரு ஓடி வந்துட்டாங்க. ஒரு சீன ஆன்ட்டி தரையில உக்காந்து அவர் தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. எல்லாரும் இருக்காங்களே, நான் போய் என்ன செய்யப் போறேன்னு நெனச்சேன். போய்ட்டேன்.

— மடியிலயா வச்சுக்கிட்டாங்க?

— ஆமா. மார்க்கெட் போய்ட்டு வந்தவங்க போல. காய்கறிப் பை எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, எடுக்கல. ஒரு பேப்பர மடிச்சு விசிறிக்கிட்டே இருந்தாங்க.

— இத எனக்கு யாரும் சொல்லல. தனியாக் கெடந்தாங்களோன்னு இத்தா முழுக்க... சரி விடு. வாய் அசஞ்சுதா? ஏதாவது சொன்னாங்களா?

— அசஞ்சுது. எனக்குக் கேக்கல. ஒரு கைய மட்டும் சட்டப் பைய விட்டு எடுக்கவே இல்ல. நெஞ்சு வலியில பிடிச்சிருக்காருன்னு மத்தவங்க நெனச்சிருப்பாங்க. பைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— கிளி.

— ஆமா.

— இவ்வளவையும் பாத்துட்டு வீட்டுக்குப் போய், "ஆளு வரவே இல்ல"ன்னு எழுதுன.

— ஆமா.

— எதுக்குடா? உன்ன யாரு கேட்டா? போன மூடிட்டுச் சும்மா இருந்திருந்தா உன் பேரே எனக்குத் தெரிஞ்சிருக்காது. வந்த மனுஷன வரலன்னு எழுத உனக்கு எப்படிடா கை வந்துச்சு?

— அவரு வரலன்னு எழுதிட்டா, அங்க விழுந்தது வேற யாரோன்னு ஆயிடும்ல ஆன்ட்டி. திட்டுங்க. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. இப்படிப் பாக்காதீங்க.

— அவங்க வந்தாங்க.

— வந்தாரு.

— சொன்ன நேரத்துக்கு வந்தாங்க.

— கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாரு.

— வந்து, உன்ன அடையாளம் பாத்து, கையும் காட்டுனாங்க.

— காட்டினாரு.

— அத எழுது.

— முடியாது ஆன்ட்டி. கொஞ்ச நாள்தான் மாத்த விடுவாங்க, அப்புறம் லாக் ஆயிடும். நான் ட்ரை பண்ணாம இல்ல. ஒரு நாள் தூங்க முடியாம எடுத்துப் பாத்தேன். அதுக்குள்ள பூட்டிடுச்சு.

— அப்ப அது அங்கயே கெடக்கும்.

— கெடக்கும்.

— "வழக்கமாகச் சில நிமிடங்களில் பதில் தருவார்"னு அவங்க பேருக்குக் கீழ இன்னும் போட்டிருக்கான் உங்க மெஷின். அதுவும் கெடக்கட்டும், இதுவும் கெடக்கட்டும். பள்ளியில என் மகன் கேட்டத இங்க நான் கேக்குறேன். அப்துல் கையூம் மேல உனக்கு ஏதாவது குறை இருக்கா?

— ஆன்ட்டி, ஆளுங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும். அன்னைக்கும் பாத்தாங்க. குறை இருக்கா?

— இல்ல.

— சத்தமாச் சொல்லு. எழுதுனப்ப ஊருக்கே கேக்குற மாதிரிதானே எழுதுன.

— இல்ல ஆன்ட்டி. அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

— மாப்பு?

— அதக் குடுக்க நான் யாரு ஆன்ட்டி?

— நீதான் மிச்சம் இருக்குற ஆளு. வேற யாரு?

— குடுத்தேன்.

— அவங்களுக்கு அது போதும்.

— அவருக்கு என் மேல இருக்குற குறை? அத நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்களேன்.

— அது என் கையில இல்ல. அவங்க குடுக்க வேண்டியது. என்னோடது இன்னும் ஆறல, பொய் சொல்ல மாட்டேன். கைய நீட்டு, இதப் பிடி.

— இருங்க. கேட்டுக்கு மேல குடுக்க வேணாம். நான் உள்ள வரேன்.

— எதுக்கு? காசு போகும். அந்தக் காசுக்குப் பாத்துத்தான் அவங்களும் மல்லித்தழ வாங்க மாட்டேன்னுட்டுப் போனாங்க.

— போகட்டும் ஆன்ட்டி. தட்டிட்டேன். வந்துட்டேன். குடுங்க.

— ரெண்டு கையாலயும் வாங்கு. வித்தாலும் தாத்தா கதை சொல்லி விக்காத.

— விக்க மாட்டேன். ஆன்ட்டி, இருங்க, போகாதீங்க. பெட்டிக்குள்ள என்னமோ கெடந்து ஆடுது.

— ஆடும். காலிப் பெட்டி குடுக்க மாட்டாங்க அவங்க.